நடுவில் மூன்று சாண்

மெரன் பிறந்த எட்டாவது வாரம், ஞானஸ்நானம் முடிந்த அன்று பிற்பகல், அவள் நெஞ்சுக்கு நேராக ஒரு காற்று வீசத் தொடங்கி, இருபத்தேழு வருடம் எட்டு மாதம் நிற்காமல் வீசியது. மூன்று சாண் நீளம், மூன்று சாண் அகலம், அதற்கு மேல் ஒரு விரல்கடை கூடக் கிடையாது. வடகோடிக் கடலில் கிடக்கும் அன்ஸ்ட் தீவில் காற்று வீசாத நாளைத்தான் மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்பதால் முதல் இரண்டு மாதம் இது யார் கண்ணிலும் படவில்லை. நவம்பரில், கதவு ஜன்னல் எல்லாம் அடைத்திருந்த சமையலறையில், குழந்தைக்கு எதிரே வைத்த விளக்கு மூன்றாவது முறை அணைந்தபோதுதான் அவள் தாய் ரொபைனாவுக்குச் சந்தேகம் வந்தது. பாதிரியார் வந்து ஜெபித்தார். லெர்விக் நகரத்திலிருந்து டாக்டர் வந்து நுரையீரலைச் சோதித்து, நுரையீரல் அருமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். வானிலை ஆபீசிலிருந்து ஒருவர் கருவியோடு வந்து தொட்டிலுக்கு மேலே பிடித்துப் பார்த்து, வடக்கிலிருந்து மிதமான காற்று என்று எழுதிக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டு நான்கு மணிப் படகில் திரும்பினார். அதற்குப் பிறகு வீட்டார் அதோடு வாழப் பழகிக்கொண்டார்கள். ஈரத் துணிகளை மெரனுக்கு எதிரே காயப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் புத்தகத்தின் மேல் வைக்க ஆசிரியை கடற்கரையிலிருந்து இரண்டு கூழாங்கற்கள் பொறுக்கி வந்தார். பிறந்த நாள் கேக்கில் மெழுகுவர்த்திகளைச் செருகுவார்கள், பற்ற வைக்க மாட்டார்கள், பாட்டுப் பாடிவிட்டு நேராகக் கத்தியை எடுப்பார்கள். அந்தக் காற்றில் லேசாக ஓர் ஆட்டு உப்புக்கண்ட வாசனை அடித்தது. தீவில் எல்லாவற்றிலும் கொஞ்சம் ஆட்டு வாசனை உண்டு என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காரணம் தெரிந்தவள் ஒருத்திதான். ரொபைனாவின் அக்கா ஓஸ்லா. அந்த மூன்று சாண் எங்கே இல்லாமல் போனது என்பது அவளுக்குத் தெரியும்.

அன்ஸ்டில் லேஸ் சால்வையை வெளியிலிருந்து உள்ளே பின்னுவார்கள். முதலில் பல்லுப் பல்லாக ஓரம். அதிலிருந்து கண்ணிகளை எடுத்து நாலு பக்கமும் அகலமான கரை. அலை, சிலந்தி வலை, பூனைப் பாதம் என்று கைத்திறமை முழுக்கக் கரையில்தான். நடுச் சதுரம் கடைசியில் வரும். அது வெறும் பின்னல், ஒரு பூ கிடையாது, ஒரு கணக்குக் கிடையாது, இருநூற்று எழுபது வரிசை போய்ப் போய்த் திரும்பினால் முடிந்தது. தங்கைக்குப் பிறக்கப்போகும் முதல் குழந்தைக்கென்று ஓஸ்லா எண்பத்தேழாம் வருடக் குளிர்காலத்தில் ஆரம்பித்தாள். அப்போது அவளுக்கு முப்பது வயது கூட நிறையவில்லை, தீவிலேயே மெல்லிய கை என்று பேர். கரை நாலும் முடிந்தபோது பெண்கள் வீடு தேடி வந்து பார்த்தார்கள். அந்தப் புகழ்ச்சி தலைக்கு ஏறியதில் அவள் ஊசியைக் கீழே வைத்தாள். நடுப்பாகம்தானே, குழந்தை கூடப் பின்னும், ஒரு வாரத்து வேலை என்று நினைத்தாள். இந்தத் தப்பு கெட்டிக்காரப் பின்னல்காரிகளுக்கு மட்டும்தான் வரும். கை வராதவள் நடுவைக் கண்டுதான் பயப்படுவாள், அதனால் முடித்துவிடுவாள்.

ஞானஸ்நானத்து நாள் வந்தபோது நடு அப்படியே ஓட்டையாக இருந்தது. ஓஸ்லா நாலு பக்கக் கண்ணிகளையும் நூலில் கோத்துக் கட்டி, சால்வையைக் குறுக்காக முக்கோணமாக மடித்து, அதை இன்னொரு முறை மடித்து, வேலைப்பாடுள்ள கரை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி குழந்தை மேல் போர்த்தினாள். ஓட்டை மடிப்புக்குள்ளே போய்விட்டது. சபையே வாயைப் பிளந்தது. ஒரு போட்டோ எடுத்து, பிற்பாடு பெரிதாக்கி, ஊர்க் கூடத்தில் மாட்டினார்கள். துவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காய வைத்துத் தருகிறேன் என்று சொல்லி ஓஸ்லா அன்று சாயங்காலமே சால்வையை வாங்கிக்கொண்டு போனாள். வீட்டில் அந்துப்பூச்சி இருந்தது. பூச்சிக்குப் பயந்து கம்பளியைக் குளிரில் வைப்பது எல்லோரும் செய்வதுதான் என்பதால், சால்வை, ஊசி, மிச்ச நூலுண்டை எல்லாவற்றையும் ஒரு தலையணை உறைக்குள் போட்டு, ஃப்ரீசர் பெட்டியின் அடியில், உப்புக்கண்டத்துக்குக் கீழே வைத்தாள். அடுத்த வாரம் எடுப்பதாகத்தான் எண்ணம்.

அடுத்த வாரம் தபால் ஆபீசில் ஆள் இல்லாமல் அவளைக் கூப்பிட்டார்கள். அதற்கடுத்து பள்ளிக்கூட பஸ். அப்புறம் எண்பது ஆடுகள், கூடத்துச் சாவி, கோயில் பூ, யார் செத்தாலும் சாண்ட்விச், யார் தேர்தலில் நின்றாலும் வாக்குச் சாவடி மேஜை. 'ஓஸ்லாகிட்டச் சொல்லு, அவ பாத்துக்குவா' என்பது தீவில் ஒரு பழக்கமாகிப் போனது. அவளும் பார்த்துக்கொண்டாள். எதையும் அரைகுறையாக விட்டவள் இல்லை, அந்த ஒன்றைத் தவிர. இறைச்சி எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அடியில் தலையணை உறையின் ஒரு மூலை தெரியும். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையால் தடவி இறைச்சியை எடுக்கக் கற்றுக்கொண்டாள். ஃப்ரீசர் இரண்டு முறை பழுதானது, இரண்டு முறையும் புதிதுக்கு மாற்றினாள், உறை பழைய அடியிலிருந்து புதிய அடிக்குப் போனது. மெரனைப் பார்க்கும்போது மட்டும் அவளால் நேராக நிற்க முடியாது. குழந்தையின் முடி பின்னால் பறக்கும், கண்ணில் நீர் வரும், அதோடு அது சிரித்துக்கொண்டே ஓடி வந்து பெரியம்மாவைக் கட்டிக்கொள்ளும். உப்புக்கண்ட வாசனையோடு அந்தக் குளிர் இவள் வயிற்றில் படும். உடம்பு கூசும்.

மெரன் படகில் டிக்கெட் கொடுக்கிற வேலைக்குப் போனாள். டெக்கில் எல்லோர் முடியும் பறக்கும் என்பதால் அங்கே அவள் மற்றவர்களைப் போலவே இருந்தாள். அதே படகில் இயந்திரம் பார்க்கும் கிப்பிக்கு அவளைப் பிடித்துப் போனது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கல்யாணம் பேசினார்கள். அங்கேதான் ஓஸ்லா மாட்டிக்கொண்டாள். நல்ல சால்வை என்றால் மணப்பெண்ணின் மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துக் காட்டுவது வழக்கம். ரொபைனா சால்வையைக் கேட்டாள்.

"அக்கா, இப்பவாவது அதைக் குடு. நீ பத்திரமா வெச்சிருக்கேன், வெச்சிருக்கேன்னு சொல்லி என் பொண்ணு கல்யாணமே வந்துடுச்சு."

ஓஸ்லா வாயைத் திறந்தாள். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு. "அந்து அரிச்சுடுச்சு ரொபைனா. போன மாசம்தான் பாத்தேன். ஒண்ணுமே மிச்சமில்ல."

ரொபைனா அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதாள். அதோடு போயிருந்தால் தேவலை. அந்த வாரம் பதினொரு வீட்டார் துக்கம் விசாரிக்க வந்தார்கள், ஆளுக்கொரு டின் வெண்ணெய் பிஸ்கட்டோடு. பாதிரியார் பிரசங்கத்தில், பூச்சி அரிக்காத பொக்கிஷத்தைப் பற்றிப் பேசி அவள் பக்கம் கனிவாகப் பார்த்தார். ஓஸ்லா தலையைக் குனிந்தாள். ஊர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டது. பிஸ்கட்டுகளை அவளால் விழுங்க முடியவில்லை, கிறிஸ்துமஸ் வரை கடல்காக்கைகளுக்குப் போட்டாள்.

இரண்டாயிரத்துப் பதினாறு ஜனவரியில், ஒரு சனிக்கிழமை, மெரன் வந்து அவள் சமையலறையில் உட்கார்ந்தாள். மே மாதக் கடைசியில் குழந்தை என்றாள். ஓஸ்லா எழுந்து முத்தம் கொடுக்கப் போனாள். மெரன் முகம் சரியாக இல்லை.

"ஒரு விஷயம் கேக்கணும் பெரியம்மா. அம்மாகிட்டக் கேட்டா அழுவாங்க. பொறந்த குழந்தையைத் தூக்கி நெஞ்சுமேல வைப்பாங்களாமே. நான் எப்படி வெச்சுக்குவேன்? வெறைச்சுப் போயிடாதா?"

"கம்பளி சுத்திக்கலாம்டி."

"எதைச் சுத்தினாலும் உள்ள வரும். உங்களுக்குத் தெரியாதா? இருபத்தேழு வருஷமா எதைத்தான் சுத்தாம இருந்தேன்? கிப்பி சொல்றான், அவனே வெச்சுக்கறானாம், நான் தள்ளி நின்னு பாத்துக்கலாமாம். நல்ல யோசனைதான், இல்ல?" என்று சொல்லி அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஓஸ்லா சாகும்வரை மறக்கப்போவதில்லை.

அவள் போனதும் ஓஸ்லா ஃப்ரீசரைத் திறந்து இறைச்சியெல்லாம் தரையில் இறக்கி வைத்தாள். உறை அட்டை மாதிரி விறைத்திருந்தது. இளகுவதற்கு ஒரு நாள் ஆயிற்று. கரை நாலும் அப்படியே இருந்தன, ஒரு இழை அறுபடவில்லை, மடிப்புக் கோடுகள் மட்டும் கத்தியால் கீறியது போல விழுந்திருந்தன. அவ்வளவு அழகாக இருந்தது அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. கண்ணாடியின் மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு கீழ்க்கரையின் கண்ணிகளை ஊசியில் ஏற்றினாள். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. தலைமுடியை விட மெல்லிய நூல் விரலில் நிற்காமல் வழுக்கியது. பள்ளிக்கூடம் விட நாற்பது நிமிடம் இருக்கும்போது பஸ்ஸை ஏரி ஓரம் நிறுத்தி, ஸ்டீயரிங் மேல் துணி விரித்து முதல் பத்து வரிசையைப் பின்னினாள். அதே நேரம் படகில் மெரனின் சட்டையில் கடைசிப் பொத்தான் ஆடுவதை நிறுத்தியது.

காற்று கீழிருந்து மேலாக அடைபட்டுக்கொண்டு வந்தது. பத்து வரிசைக்கு ஓர் அங்குலம். மாதாமாதம் சோதனைக்கு வரும் நர்ஸ் யூனிஸ்தான் முதலில் டேப் வைத்து அளந்தாள், பிறகு தினமும் வந்து அளந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினாள். இந்த மாதிரி விஷயம் அன்ஸ்டில் நோட்டோடு நிற்காது. கடை வாசலில், படகு நேரம் எழுதுகிற பலகையில் ஒரு ஓரமாக, மெரன் இன்றைக்கு எத்தனை அங்குலம் என்று எழுதத் தொடங்கினார்கள். பிப்ரவரிக் கடைசியில் வயிறு முழுக்க அமைதி. குழந்தை உள்ளே உருண்டு படுத்தது என்று மெரன் சொன்னாளாம். கடவுள் செயல் என்றார் பாதிரியார். கர்ப்பத்தில் உடம்பு சூடாகும், அதுதான் என்றாள் யூனிஸ். ஓஸ்லா கடைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பலகையின் முன்னால் நின்று, மற்றவர்களோடு சேர்ந்து ஆச்சரியப்பட்டாள். இந்த வயதில் இப்படி நடிக்க வேண்டியிருக்கிறதே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சொல்லிவிட்டுப் பின்னியிருக்கலாம். முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒத்திப் போட்டாள். ஒத்திப் போடுவதில்தான் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்ததே. வேலைகளும் விடவில்லை. தீத் திருவிழாவுக்கு இருநூறு பேருக்கு சூப், அதில் மூன்று நாள். மார்ச்சில் ஒரு சாவு, நாலு நாள். பஸ் கியர் உடைந்து ஒரு வாரம். அந்த நாட்களில் பலகையின் எண் அசையாமல் நின்றது. ஏப்ரல் கடைசியில் ஆடுகள் ஈன ஆரம்பித்தன. ஒரு கையில் பால்புட்டியும் மறு கையில் ஊசியுமாக அவள் இருபது வரிசை பின்னினாள். மே மாதம், தேர்தல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு வரிசை முடிவிலும் பக்கக் கரையிலிருந்து ஒரு கண்ணியைச் சேர்த்துக் கோக்க வேண்டும். இருபது வரிசைக்கும் இடது பக்கம் கோக்கவே இல்லை. பக்கவாட்டில் கை நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடந்தது. ஓஸ்லா உதட்டைக் கடித்துக்கொண்டு ஊசியை உருவி, இருநூற்றுப் பதினாலிலிருந்து நூற்றுத் தொண்ணூற்று நாலு வரைக்கும் பிரித்தாள்.

ஒரு மணி நேரத்தில் வாசலில் மெரன் நின்றாள். ஒன்பது மாத வயிறோடு மேட்டில் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் யூனிஸின் நோட்டு. ஓஸ்லாவுக்குச் சால்வையை மறைக்க நேரமில்லை, மறைக்கவும் தோன்றவில்லை. மெரன் எதிரே உட்கார்ந்ததும் மேஜைமேல் கிடந்த பிரித்த நூல் சுருள் சுருளாக எழும்பிப் பறந்தது.

"எத்தனை வரிசை பிரிச்சீங்க பெரியம்மா?"

"இருபது."

"ரெண்டு அங்குலம்." மெரன் நோட்டைப் பார்த்துத் தலையாட்டினாள். "சரியாத்தான் இருக்கு. திருவிழாவுக்கு மூணு நாள் நின்னுச்சு. சாவுக்கு நாலு நாள். பஸ் கெட்டுப்போன வாரம் ஒண்ணுமே நகரல. நான் முதல்ல பஸ்ஸைத்தான் சந்தேகப்பட்டேன், தெரியுமா? பஸ்ஸுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்னு கிப்பிகிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு ரெண்டு அங்குலம் திரும்பி வந்தப்பதான் உறைச்சுது. திரும்பிப் போறது பின்னல் மட்டும்தான்." அவள் மூலையில் இருந்த ஃப்ரீசரைப் பார்த்தாள், சால்வையின் ஓரத்தை எடுத்து முகர்ந்தாள். "இந்த வாசனையை நான் பொறந்ததுலேர்ந்து மோந்துக்கிட்டிருக்கேன். எங்கேர்ந்து வருதுன்னுதான் தெரியாம இருந்துச்சு."

"மெரன்..."

"அந்துப்பூச்சி?"

"பூச்சி இல்லடி. நான்தான்."

"என் கல்யாணத்துல உங்களுக்காக நானும் அழுதேனே பெரியம்மா."

ஓஸ்லா பறக்கும் நூலைக் கையால் அமுக்கிக்கொண்டாள்.

"அப்படி என்ன பெரிய வேலை மிச்சமிருந்துச்சு?"

"நடுப்பாகம்தான். வெறும் பின்னல். ஒரு வாரத்து வேலை."

"இருபத்தேழு வருஷத்துல உங்களுக்கு ஒரு வாரம் கிடைக்கல."

பஸ், தபால், ஆடு, கூடம், சாவு, தேர்தல் எல்லாம் ஓஸ்லாவின் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. ஒன்று கூடப் பொய் இல்லை, எல்லாம் அவள் செய்த வேலைகள்தான், எல்லாம் ஊருக்குத் தேவைப்பட்ட வேலைகள்தான். அவற்றைச் சொல்லப் போனபோதுதான் அவை எவ்வளவு வசதியாக இருந்தன என்பது அவளுக்கே தெரிந்தது. வெட்கத்தில் காது மடல் பற்றி எரிந்தது. மெரன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. கூடத்துச் சாவிக் கொத்தையும் பஸ் சாவியையும் ஆணியிலிருந்து எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இதையெல்லாம் கிப்பி பாத்துக்குவான். நீங்க முடிங்க. நான் யாருக்கும் சொல்லமாட்டேன்." கதவருகில் நின்று திரும்பினாள். "நீங்க சொல்லணும். எல்லார் முன்னாடியும். மடிக்காம."

பதிமூன்று நாள் ஓஸ்லா வேறெதுவும் செய்யவில்லை. வெறும் பின்னல் என்று அவள் சொன்ன அந்த நடுதான் அவள் வாழ்நாளில் பின்னியதிலேயே கஷ்டமானது. கரையில் கை தவறினால் பூவுக்குள் மறைந்துவிடும், நடுவில் ஒன்றையும் மறைக்க முடியாது. அவள் போகாமலேயே பஸ் ஓடியது, ஆடுகள் ஈன்றன, ஒரு சாவுக்கு யாரோ சாண்ட்விச் செய்தார்கள். அதுவும் அவளுக்குக் குத்தியது. குழந்தை ஒன்பது நாள் முந்திக்கொண்டு மே இருபத்தொன்றாம் தேதி பிறந்தது. இருநூற்று அறுபத்தாறு வரிசை ஆகியிருந்தது. நாலு வரிசையும், மேல்கரையோடு வைத்துத் தைக்கும் வேலையும் பாக்கி. யூனிஸ் குழந்தையை எடுத்து மெரனின் நெஞ்சில் வைத்தபோது கழுத்தெலும்புக்குக் கீழே அரை அங்குலக் காற்று மட்டும் மிச்சமிருந்தது. அது குழந்தையின் உச்சியில் பட்டு, ஈர முடியை இடப்பக்கமாகச் சாய்த்தது. குழந்தைக்குக் குளிரவில்லை, தூங்கிவிட்டது. மறுநாள் மதியம் ஓஸ்லா கடைசிக் கண்ணியை இழுத்து முடிந்தாள், காற்று நின்றது. அந்தப் பையனின் முடி இன்றைக்கும் இடப்பக்கமாகத்தான் சாய்ந்து நிற்கிறது, எந்தச் சீப்புக்கும் அடங்குவதில்லை.

ஞானஸ்நானம் ஜூலை பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று மெரனின் பிறந்த நாளும்தான். கோயில் முடிந்து எல்லோரும் ஊர்க் கூடத்தில் கூடினார்கள். சுவரில் அந்தப் பழைய போட்டோவுக்குக் கீழே நின்று ஓஸ்லா சால்வையை உதறி, இரண்டு கையையும் அகல விரித்து, முழுச் சதுரமாகப் பிடித்தாள். மடிப்புத் தழும்புகள் கழுவியும் போகவில்லை. பின்னத் தெரிந்த பெண்கள் நிறைந்த கூடம் அது. அவள் வாய் திறக்கும் முன்பே பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. கரை முப்பது வயதுக் கை, நடு ஐம்பத்தெட்டு வயதுக் கை. அங்கே அதைப் படிக்கக் கண்ணாடி போடத் தேவையில்லை.

"அந்து அரிக்கல," என்றாள் ஓஸ்லா. குரல் அவளுக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னாள். "அந்து அரிக்கல. நான் முடிக்கவே இல்ல. அன்னைக்கு இந்தப் போட்டோவுல ஓட்டையை உள்ள வெச்சு மடிச்சுப் போர்த்தினேன். மெரனுக்கு வீசினது அதுதான். கேள்விப்பட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும்."

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி, "அப்போ எங்க பிஸ்கட்டெல்லாம்?" என்று கேட்டாள்.

"காக்காய்க்குப் போட்டேன்."

ஒருவர் சிரித்தார், கூட யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டார். ரொபைனா எழுந்து வந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், சால்வையை அவள் கையிலிருந்து வாங்கிப் பேரனைச் சுற்றினாள். பிறகு சுவரிலிருந்து போட்டோவைக் கழற்றி, முகம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி தரையில் சாய்த்து வைத்தாள். ஓஸ்லா கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். வெளியே போய்விடலாம் என்று தோன்றியது. போனால் இன்னும் கேவலம் என்று நின்றாள்.

கிப்பிதான் கேக்கைக் கொண்டு வந்தான். இந்தத் தடவை மெழுகுவர்த்திகளைப் பற்ற வைத்திருந்தான். இருபத்தெட்டுச் சுடர்களும் மெரனுக்கு எதிரே நேராக நின்றன. எல்லோரும் பாடினார்கள், பாட்டு முடிந்தது, எல்லோரும் காத்திருந்தார்கள். மெரனும் காத்திருந்தாள். சுடர்களையே பார்த்துக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, அவை அணையட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். மெழுகு உருகிச் சர்க்கரைப் பூச்சின் மேல் வழிய ஆரம்பித்தது. கூடத்தில் ஒருவருக்கும் என்ன செய்வதென்று புரியவில்லை. ஓஸ்லாவுக்குப் புரிந்தது. இத்தனை வருடத்தில் அந்தப் பெண் ஒரு நாள் கூட ஒரு சுடரை ஊதியதில்லை. தான் ஊத வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னபோது வராத அழுகை அப்போது ஓஸ்லாவுக்கு வந்தது. அதைத் துடைக்காமலேயே போய் மெரன் பக்கத்தில் குனிந்தாள்.

"ஊதணும் கண்ணு," என்றாள். "நீதான் ஊதணும்."

மெரன் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சூப் ஆற்றுகிற மாதிரி மெதுவாக ஊதினாள். நாலுதான் அணைந்தன. மீதிக்கு இன்னும் ஐந்து தடவை ஊத வேண்டியிருந்தது, எல்லோரும் பொறுமையாக நின்றார்கள். ரொபைனா கேக்கை வெட்டித் தட்டுகளில் வைத்துக்கொண்டு போனாள். அக்காவுக்கும் ஒரு தட்டு கொடுத்தாள், அப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை. ஓஸ்லா மெழுகு வழிந்த அந்தத் துண்டை முழுக்கச் சாப்பிட்டாள். மெரனிடமிருந்து போன காற்று எங்கே போனது என்று யாரும் விசாரிக்கவில்லை. மறுநாள் கடைப் பலகையில் அந்த ஓரத்தைத் துடைத்துவிட்டுப் படகு நேரத்தை எழுதினார்கள்.